யாக்கோபுவின் முறை

பலெர்மோ
9 பெப்ரவரி 2025

சுண்டிக்குளி வீட்டுக்கார அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் நான் இருந்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு வந்தது ஆமிக்காரர். தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணம் அவர்கள் கையில் இருந்தபோது, உங்கள் வீட்டை முகாமாக்கி, குசினிக்குப் பக்கத்தில் கிணற்றடியைப் பார்த்த சின்ன அறைக்குள் எங்களை அடைத்து வைத்தார்கள். நான் மன்னார்க்காரன். யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். ஒரு குற்றமும் செய்யாதவன் என்று எழுதி உங்கள் இரக்கத்தைக் கேட்கப் போவதில்லை. குற்றம் செய்தவனையும் அப்படி அடிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

சென்ற கார்த்திகையில் உங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளை ஆமி விட்டுவிட்டது என்று இங்கே கோயிலில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே தரையைப் பாருங்கள். ஒரு தாயக் கட்டம் கீறியிருக்கும். கீறியது நான்தான், சாரத்தின் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த சைக்கிள் கம்பித் துண்டால். ஆடியவர்கள் நாலு பேர். ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு அடையாளம். என்னுடையது சக்கரம். எனக்கு நேர் எதிரே இருந்தவர் பாசையூர் யாக்கோபு அண்ணன். கடல் தொழில் செய்தவர். அவர் கீறியது ஒரு பிறை, அதற்குக் கீழே இரண்டு கோடு. அவர்கள் குடும்பத்து வலை மிதப்புகளில் வெட்டுகிற அடையாளம் அது. கடலில் வலைகள் சிக்கினால் எது யாருடையது என்று பிரிப்பது அதை வைத்துத்தான்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் அவரை எழுப்பிக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று இன்றைக்கும் ஆமி சொல்கிறது. அவருடைய மனைவி எமிலியானா, காணாமல் போனவர்களைத் தேடிப் போராடுகிற பெண்களோடு, இன்னும் தெருவோரம் அவர் படத்தோடு இருக்கிறா. நான் கண்டேன் என்று இங்கிருந்து ஆட்கள் மூலம் அவவுக்கு எத்தனையோ தரம் சொல்லியனுப்பிவிட்டேன். காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, உங்கள் தரையில்.

தயவுசெய்து அந்தத் தரையைத் தொடாதீர்கள். போன் இலக்கம் எழுதாததைக் குறையாக நினைக்க வேண்டாம். சில விசயங்களைப் போனில் கதைக்கிற துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

லூர்து


சிவமயம்

சுண்டிக்குளி
4 மார்ச் 2025

திரு. லூர்து அவர்களுக்கு,

என் பெயர் இராசேஸ்வரி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வாட்ஸப்பில் எழுதச் சொல்லி மகள் கிருசாந்தினி சொல்கிறாள். ஒட்டிய உறையைத் திறந்தால் திறந்தது தெரியும். அதனால் கடிதமே எனக்கும் வசதி.

முதலில் ஒன்று. "தொடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று இவ்வளவு காலமும் துவக்கு வைத்திருந்தவன் சொன்னான். இப்போது பலெர்மோவில் இருந்து நீங்கள் சொல்கிறீர்கள். நான் எப்போது சொல்வது?

என் தகப்பனார் கட்டிய வீடு இது. திரும்பி வந்தபோது கதவு இல்லை, ஜன்னல் இல்லை, கிணற்றுக்குள் தகரமும் கல்லும். மாமரங்களைத் தறித்துவிட்டார்கள். வேலியோரப் புளியமரத்தை மட்டும் ஏனோ விட்டிருக்கிறார்கள். மகளுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கப் போகிறது. அதற்குள் வீட்டைத் திருத்தி, பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும். தரைக்குப் பதிக்க ரைல்ஸ் வாங்கியாயிற்று.

அந்தச் சின்ன அறை எங்கள் சாமியறை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. தரையில் இருக்கிற கட்டத்தைக் கண்டதும் ஆமிக்காரர்தான் சாமியறையில் இருந்து சூது விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, வாயில் வந்தபடி திட்டி, அசிட் ஊற்றித் தேய்த்தேன். போகவில்லை. மேசனைக் கூப்பிட்டுக் கொத்தச் சொன்னேன். ஒரு பக்கத்தை அவன் கொத்தி முடித்த அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. மிச்சத்தை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்காக நிற்பாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

அந்த அறைக்குள் உயிர் ஏதும் போனதா? விளக்கேற்றப் போகிற இடம். ஒளிக்காமல் எழுதுங்கள்.

இ. இராசேஸ்வரி


பலெர்மோ
23 மார்ச் 2025

இராசேஸ்வரி அம்மாவுக்கு,

கொத்தியது எந்தப் பக்கம்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! பிறையும் இரண்டு கோடும் கிணற்றடிப் பக்கச் சுவரோடு இருக்கும். ஓடிப்போய்ப் பாருங்கள்.

உங்கள் கோபம் நியாயம். எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அசிட் ஊற்றித் தேய்த்தீர்கள். எங்கள் காவல்காரன் பூட்ஸால் தேய்த்தான். காய்களை அள்ளி வெளியே எறிந்தான். அடுத்த நாள் நாங்கள் வேறு காய் செய்தோம். காய் சிரட்டைத் துண்டு. உருட்டியது உங்கள் புளியமரத்துக் கொட்டை. குளிக்கக் கிணற்றடிக்கு விடும்போது பொறுக்கி, வாய்க்குள் அடக்கிக்கொண்டு வருவோம். ஒரு பக்கத்தைச் சுவரில் தேய்த்து வெள்ளையாக்குவோம். கதைக்கக் கூடாது, பாடக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சட்டம். தாயம் போட்டவன் சத்தமில்லாமல் தொடையில் தட்டுவான். அந்தத் தட்டலைக் கேட்டால் அடுத்த அறைக்காரருக்கும் சந்தோசம்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவனை விசாரணைக்குக் கொண்டுபோனால் அவன் காய் நின்ற இடத்திலேயே நிற்கும். அவனுக்காக வேறொருவன் உருட்டக் கூடாது. அவன் முறை வரும்போது ஆட்டம் நிற்கும். வருவான், அடிபட்டு வந்தாலும் முதலில் தன் காயைத்தான் பார்ப்பான். காத்திருந்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். யாக்கோபு அண்ணனின் முறையோடு எங்கள் ஆட்டம் நின்றது. பிறகு நாங்கள் ஆடவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த அறைக்குள் உயிர் போகவில்லை. கொண்டுபோய்த்தான் செய்தார்கள், எங்கே என்று தெரியாது. இது சத்தியம்.

சாமியறை என்று எங்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும் அம்மா. சுவரில் ஒரு மாடம் இருந்தது. மேலே கற்பூரக் கரி. மழை பெய்தால் அதிலிருந்து மெல்லக் கற்பூரம் மணக்கும். எங்களில் வேதக்காரரும் சைவக்காரரும் இருந்தோம். ஒருவரும் அந்த மாடத்தை நோக்கிக் கால் நீட்டிப் படுத்ததில்லை. இடம் இல்லாமல் ஒருவர் மேல் ஒருவர் கிடந்த அறை அது; ஆனாலும் குறுக்கே படுத்துச் சமாளித்தோம். அதைச் சொல்லித் தந்ததும் யாக்கோபு அண்ணன்தான். "வீட்டுக்காரர் திரும்பி வருவினம், அவையின்ரை சாமி இருந்த இடம்" என்றார்.

நான் இங்கே லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான அம்மாவை, சின்னோரா என்றுதான் கூப்பிடுவேன், பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை அவவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஸ்தேரி மாளிகைக்குப் போனேன். முந்திய காலத்தில் மத விசாரணைக்காரர் ஆட்களை அடைத்து வைத்த சிறை. கைதிகள் சுவர் முழுக்கக் கீறியிருக்கிறார்கள், புனிதர்களையும் கப்பல்களையும் சிசிலித் தீவின் படத்தையும். அதன்மேல் சுண்ணாம்பு பூசி மறைத்தார்களாம். சுரண்டியபோது எல்லாம் அப்படியே இருந்ததாம். இப்போது ரிக்கற் எடுத்துப் பார்க்கிறார்கள். நான் நகராமல் நின்றதைக் கண்டு சின்னோரா என்னவென்று கேட்டா. உங்கள் தரையைப் பற்றிச் சொன்னேன். "சுண்ணாம்பென்றால் சுரண்டலாம். ரைல்ஸைக் கழற்ற முடியாதென்று அந்த அம்மாவுக்கு எழுது" என்றா.

எழுதிவிட்டேன். எமிலியானா அக்காவுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன், வந்தால் உள்ளே விடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லூர்து


சிவமயம்

சுண்டிக்குளி
17 ஏப்ரல் 2025

தம்பி லூர்து,

பிறை இருக்கிறது. கொத்துப்பட்டது அதற்கு எதிர்ப்பக்கம், உங்கள் சக்கரம். அதற்காக மனம் வருந்துகிறேன். மேசனிடம் கத்தியும் பிரயோசனமில்லை, சொன்னது நான்.

கால் நீட்டாமல் படுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு எழும்பிப்போய் அந்த அறை வாசலில் இருந்து அழுதேன். போதும், அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன்.

எமிலியானா வந்தா. கையில் ஒரு பை. வேலிப் படலையைத் திறந்ததும் நேரே அறைக்குள் போனா. வழி கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய மிதப்புக் கட்டையை எடுத்துத் தரையில், அந்த அடையாளத்துக்குப் பக்கத்தில் வைத்தா. அதே பிறை, அதே இரண்டு கோடு. கீழ்க்கோடு கொஞ்சம் சரிந்திருப்பதும் அதே மாதிரி. அழுவா என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, "இவ்வளவு நாளும் நான் விசரி எண்டு சொன்னவங்கள். இனிச் சொல்லட்டும் பாப்பம்" என்றா. அவவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். எமிலியானா வந்து போனதைக் கண்டார்களோ என்னவோ, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு, ஆனால் ஆமியின் ஆட்கள்தான். நல்ல தமிழ். "அம்மா, வீடு திருத்துறியளாம். அந்த அறைக்கு ரைல்ஸ் நாங்களே பதிச்சுத் தாறம். சும்மா, உதவியா" என்றார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். கூரையில் ஓட்டை, குசினிக்குக் கதவில்லை. "அப்ப கூரையை முதல் வேய்ஞ்சு தாங்கோவன் தம்பியவை" என்றேன். இல்லையாம், அந்த அறைத் தரைதானாம். எனக்கு வந்த விசரைச் சொல்லி முடியாது. நான் எத்தனை கந்தோர் ஏறி இறங்கியும் ஒரு கதவுக்கு நட்டஈடு தராதவர்கள், கேட்காமலே ரைல்ஸ் பதிக்கிறார்களாம்! "எனக்கு ரைல்ஸ் பிடிக்காது, வழுக்கும்" என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். வாங்கி அடுக்கிய ரைல்ஸ் பெட்டிகள் அவர்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன.

எமிலியானாவுக்கு வழக்குப் பேசுகிற சட்டத்தரணி வந்து படம் எடுத்தார். அடையாளம் மட்டும் போதாதாம். யாக்கோபு கையால் கீறியதைக் கண்ணால் கண்டவர் சத்தியக் கடதாசி தர வேண்டுமாம். முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், இப்போது இருக்கிற விலாசம். கண்டவர்களில் மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று எமிலியானா சொல்கிறா. "லூர்து" என்று கடைசியில் எழுதுவது காணாது தம்பி.

இராசேஸ்வரி அக்கா


பலெர்மோ
6 மே 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சின்னதாகத்தான் எழுத வருகிறது.

மன்னாரில் என் அண்ணன் அகஸ்ரின் இருக்கிறார், அவரும் கடலுக்குப் போகிறவர். அம்மா அவரோடு. போன கிழமை அவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், இத்தாலியில் இருக்கிற தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல தமிழாம். உங்களிடம் வந்தவர்களோ வேறு ஆட்களோ தெரியாது.

அண்ணன் எனக்குப் போன் எடுத்துக் கத்தினார். "நீ அங்கை இருந்து எதையும் எழுதலாம். இஞ்சை அவங்கள் தட்டுறது என்ரை கதவை" என்றார். டிசம்பரில் நத்தாருக்கு ஊருக்கு வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெயரைப் போட்டுக் கொடுத்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வெளியே வருவேனா என்பதும் தெரியாது.

அடித்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை அக்கா. அப்போது என்னுடைய உடம்பு மட்டும்தான் அவர்கள் கையில் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள்.

லூர்து


சிவமயம்

சுண்டிக்குளி
2 ஜூன் 2025

தம்பி லூர்து,

நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். நான் பொறுத்தேன். அவர்கள் பொறுக்கவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் ஒரு லொறி வந்து நின்றது. மணல், சீமெந்து, நாலு கூலியாட்கள், ஒரு அதிகாரி, நாலைந்து ஆமி. நான் கைப்பட எழுதித் தந்த மாதிரி ஒரு கடதாசியை நீட்டினார்கள், வீட்டைத் திருத்தித் தரும்படி நான் கேட்டேனாம். கையெழுத்து என்னுடையது இல்லை. முற்றத்தில் சீமெந்தைக் குழைக்கத் தொடங்கிவிட்டார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எமிலியானாவுக்கு நான் போன் எடுத்தேன். போனில் கதைக்கப் பயப்படுகிற நேரமா அது?

அவ தனிய வரவில்லை. தெருவோரம் படங்களோடு இருக்கிற அத்தனை பெண்களும் ஓட்டோக்களில் வந்து இறங்கினார்கள். அதிகாரியைத் தாண்டி அறைக்குள் போய்க் கட்டத்தைச் சுற்றி இருந்துவிட்டார்கள். நான் புளியமரத்தடிக்குப் போய்க் கொட்டை பொறுக்கி வந்து, சுவரில் தேய்த்துக் கொடுத்தேன். சிரட்டையை உடைத்துக் காய் செய்தோம். கொத்துப்பட்ட பக்கத்தில், உங்கள் பக்கத்தில், நான் இருந்தேன். எனக்குத் தாயம் ஆடத் தெரியாது, சொல்லித் தந்தார்கள். எமிலியானா தன் புருசனின் அடையாளத்துக்குப் பின்னால் இருந்தா, பொங்கலுக்கு விருந்து வந்தவ மாதிரிச் சேலையைச் சரிசெய்துகொண்டு.

அதிகாரி வாசலில் வந்து நின்றான். "அம்மா, எழும்புங்க. வேலை இருக்கு."

"ஆட்டம் முடியேல்லை" என்றேன்.

உருட்டினோம். நான், எனக்கு அடுத்து வந்த பெண்களில் ஒருத்தி, விமலராணி. பிறகு யாக்கோபுவின் முறை. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். உங்கள் கட்டுப்பாட்டை நான் எமிலியானாவுக்குச் சொல்லியிருந்தேன். அவ கொட்டையைத் தொடவில்லை. அவனும் பார்த்துக்கொண்டே நின்றான். வெயில் ஏறியது.

"ஏன் நிப்பாட்டினது? ஆடி முடிங்க, போங்க" என்று கத்தினான்.

எமிலியானா நிமிர்ந்து அவனைப் பார்த்தா. "இது என்ரை மனுசன்ரை முறை. உங்கடை ஆக்கள்தான் ஆட்டத்தின் நடுவிலை கூட்டிக்கொண்டு போனவை. கொண்டுவந்து விடுங்கோ. அவர் உருட்டினாப் பிறகு நாங்கள் எழும்புறம்."

போனில் யாருடனோ சிங்களத்தில் கதைத்தான், வந்தான், போனான். கூலியாட்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். மத்தியானம் கழிந்தும் நாங்கள் அசையவில்லை. கிருசாந்தினி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், கூலியாட்களுக்கும். குழைத்த சீமெந்து முற்றத்திலேயே இறுகிக் கல்லாகிவிட்டது. லொறி போய்விட்டது. அந்தச் சீமெந்துக் கட்டி இன்னும் படலையடியில் கிடக்கிறது. அகற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வருவார்கள். நாங்களும் இருப்போம். ஆனால் தினமும் தரையில் குந்தியிருக்க எங்கள் முழங்கால்கள் விடாது. நீதிமன்றத் தவணை ஜூலையில். சட்டத்தரணி கேட்பது ஒரு கடதாசிதான்.

உங்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன், உங்கள் அண்ணனின் கதவைத் தட்டுவதும் எனக்கு விளங்குகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் சக்கரத்தை நான் கொத்தி எடுத்துவிட்டேன். நீங்கள் இங்கே இருந்ததற்கு இந்தத் தரையில் இனி அடையாளம் இல்லை. இருந்தீர்களா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இராசேஸ்வரி அக்கா


பலெர்மோ
24 ஜூன் 2025

இராசேஸ்வரி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் என் மனைவி தர்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீமெந்து இறுகிய இடத்தில் அவள் கைதட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே, உங்கள் அதிகாரி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை போனில்தான் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று. மீன்காரர் ஏலம் கூறுவது பின்னால் கேட்டது. "அண்ணை, உங்கடை கதவு" என்று தொடங்கினேன். "கதவு கிடக்கட்டும், பலகைதானே. அவர் கடல் தொழில் செய்தவர் எண்டு நீ ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றார். பிறகு, "பேரைப் பிழையில்லாமல் எழுது. அப்பாவின்ரை பேரையும் போடு" என்று சொல்லி வைத்துவிட்டார். நத்தாருக்கு வர முடியாமல் போகலாம் என்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அது எனக்குப் பாரம்தான், மறைக்கவில்லை.

நேற்று சத்தியக் கடதாசி எழுத நொத்தாரியோவிடம் போனேன். சின்னோராவும் வருவேன் என்று பிடிவாதம். நாற்காலியைப் படிகளில் தூக்கி ஏற்றினோம். இத்தாலியனிலும் தமிழிலும் எழுதி, சத்தமாக வாசித்து, கையெழுத்து வைத்தேன். அசல் இதற்குள் இருக்கிறது. உறை பிரிந்திருந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் யார் பிரித்து வாசித்தாலும் இனி எனக்குச் சம்மதம். அவர்கள் வாசிப்பதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

என் பக்கத்தில் நீங்கள் இருந்து ஆடியது எனக்குச் சந்தோசம். பிள்ளை பிறந்ததும் எழுதுங்கள். மாடத்தில் விளக்கை ஏற்றுங்கள், தரை அப்படியே இருக்கட்டும். பிள்ளை அதில் தவழட்டும். யாக்கோபு அண்ணனின் காயை மட்டும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் நான் இருந்தேன். அவரும் இருந்தார். என் கண்ணுக்கு முன்னால் அவர் கையால் அந்தப் பிறையைக் கீறினார். என் முறையை நான் ஆடிவிட்டேன். இனி அவருடைய முறை. அவரைக் கொண்டுபோனவர்கள் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
சந்தியாப்பிள்ளை லூர்துநாயகம்
தகப்பன் பெயர்: மரியான் சந்தியாப்பிள்ளை
பிறந்த ஊர்: பேசாலை, மன்னார்
இப்போது இருப்பது: பலெர்மோ, இத்தாலி
1996இல் இருந்தது: உங்கள் சாமியறை, சுண்டிக்குளி, யாழ்ப்பாணம்